கீறிய பிலிம், கூடவே உருமி: சுங்கை சிப்புட்டில் எங்களிடம் கேட்கிற கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட மண்டபங்களில் நாங்கள் சில பேர் 16 மி.மீ. புரொஜெக்டரை வைத்துப் படம் ஓட்டுகிறோம், பக்கத்திலேயே உட்கார்ந்து இசைக்கிறோம். படம் கேமராவில் எடுத்ததல்ல. பிலிம் மேலேயே கீறி, வரைந்து, ஒட்டிச் செய்தது. இசையும் அந்த நேரத்தில் பிறப்பதுதான். நிகழ்ச்சி முடிந்த கையோடும், வாட்சாப்பிலும், பாசாரில் வழிமறித்தும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

கதை இல்லாம எப்படிலா படம்? யாரு ஹீரோ?

ஹீரோ கிடையாது. கோடு, புள்ளி, நிறம், இலை நரம்பு, தூசி, இவை நகர்வதுதான் படம். தவில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது "இந்த அடிக்கு என்ன கதை?" என்று யாரும் கேட்டதில்லை. காதுக்குக் கொடுக்கும் சலுகையைக் கண்ணுக்கும் கொடுங்கள். புரியவில்லை என்றால் எங்களிடம் வந்து சண்டை போடலாம், நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேமரா இல்லாமல் படம் எப்படி வரும்?

விளக்குக்கு முன்னால் விநாடிக்கு 24 ஃபிரேமை நிறுத்தி நிறுத்தி இழுத்துவிடுவதுதான் புரொஜெக்டரின் வேலை. அந்த ஃபிரேமில் இருப்பது லென்ஸ் வழியாக வந்ததா, மார்க்கர் பேனாவால் போட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

16 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 10 மி.மீ. அகலம், 7.5 மி.மீ. உயரம். ஓர் அடிக்கு 40 ஃபிரேம். ஒரு விநாடிப் படத்துக்கு 18 செ.மீ. பிலிம் வேண்டும், ஒரு நிமிடத்துக்கு 11 மீட்டர். மண்டபத்து நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பிலிமை விரித்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தால் ஒரு மாலையில் ஒரு நிமிடம் தேறும். ஃபிரேமுக்குள் அடங்கித்தான் வரைய வேண்டும் என்ற விதி இல்லை. பிலிம் நெடுக ஒரே கோடாக இழுத்தால், திரையில் அது நிமிர்ந்து நின்று நடுங்கும். கை எங்கே அசைந்ததோ அங்கே கோடு துள்ளும். ஒரே ஒரு ஃபிரேமில் புள்ளி வைத்தால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நாலைந்து ஃபிரேமில் தொடர்ந்து வைத்தால்தான் கண்ணில் நிற்கும்.

கீறுவது தனி ருசி. பழைய வண்ணப் பிரதியில் கறுப்பாக இருக்கும் இடத்தை ஊசியால் கீறினால் நிறம் வெளியே வரும். மருந்துப் பூச்சில் மூன்று நிற அடுக்கு: மேலே மஜென்டா, நடுவில் சயான், அடியில் மஞ்சள். மேலடுக்கு மட்டும் போனால் திரையில் பச்சை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மஞ்சள். எல்லாம் போனால் வெறும் வெளிச்சம். அதற்கு மேலும் அழுத்தினால் பிலிமே கிழியும். எங்களோடு உட்காரும் ரப்பர் பால்வெட்டுக்கார அம்மா ஒருவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி படக்கூடாது, பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். நிரை நிரையாக இப்படி வெட்டிய கை, ஊசியைப் பிடித்த உடனே ஆழத்தைத் தானாகக் கணக்குப் போட்டது. அவர் இழுத்த கோட்டில் பச்சை எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். காலேஜ் பசங்கள் கீறியதில் பாதி ஓட்டை.

ரப்பர் இலையைப் பிலிமில் ஒட்டுவது நிஜமா?

நிஜம்தான், ஆனால் இலையை அப்படியே ஒட்ட முடியாது. கனம் அதிகம், புரொஜெக்டர் கேட்டில், அதாவது விளக்குக்கு முன்னால் பிலிம் நுழைந்து போகும் இடுக்கில், சிக்கிக்கொள்ளும். இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகியதும் பழைய பிரஷால் மெல்லத் தட்டிக் கழுவினால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, அதேதான். அதைப் பிலிம் அகலத்துக்கு நறுக்கி, பிலிம் ஒட்டப் பயன்படும், ஓட்டை போட்ட ஸ்பிளைசிங் டேப் இரண்டுக்கு நடுவில் வைத்து அழுத்திவிட்டால் ஓடும். ஒரு சென்டிமீட்டர் நரம்பு மண்டபத்துச் சுவர் அகலத்துக்கு விரியும்.

1963-இல் ஸ்டான் பிராக்கேஜ் என்ற அமெரிக்கர் அந்துப்பூச்சி இறகுகளை இப்படித்தான் டேப்புக்கு நடுவில் ஒட்டிப் படம் செய்தார். அவர் ஒட்டியதை லேப்பில் பிரதி எடுத்தார். எங்களிடம் லேப் இல்லை, ஒட்டியதையே ஓட்டுகிறோம், அதனால் நாலு ஓட்டத்தில் நரம்பு உதிரத் தொடங்கும். இலைக்குத்தான் அலைச்சல். சுற்றியிருந்த கித்தா என்கிற ரப்பர்க் காடெல்லாம் செம்பனையாகிவிட்டது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது சிறுதோட்டக்காரர்களிடம் சொல்லி நிறையப் பொறுக்கி வைத்தால்தான் வருடம் ஓடும்.

ரப்பர் பாலையும் விட்டுவைக்கவில்லை. ஓவியக் கடையில் நிறம் படாமல் மறைக்க விற்கும் திரவமும் அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். வெற்றுப் பிலிமில் அதைப் புள்ளி புள்ளியாக வைத்துக் காயவிட்டு, மேலே மை பூசி, மை உலர்ந்ததும் விரலால் உருட்டி எடுத்தால் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் திறக்கும். பால் ஸ்டோரில் வேலை செய்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். அம்மோனியா வாசனை மூக்கில் ஏறியதும் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் கதை, பால் நிறுவைக் கதை எல்லாம் வந்துவிடும். அன்றைக்கு வேலை நடக்காது.

குங்குமம், விபூதி ஒட்டி ஓட்டலாமா?

வேண்டாம். தூள் கேட்டில் விழுந்து பிலிமைக் கீறும், லென்ஸில் படியும்.

யார் கண்டுபிடித்தது இதை?

பழைய வேலைதான். நியூசிலாந்தில் பிறந்த லென் லை 1935-இல் பிலிம் மேலேயே வண்ணம் தீட்டி, பிரிட்டிஷ் தபால் துறையின் படப் பிரிவுக்குப் படம் செய்து கொடுத்தார். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரன் படத்தை மட்டுமல்ல, ஒலியையும் கையால் வரைந்தார். நம் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கோலாலம்பூரில் 2010 முதல் சோதனைப் படம், காணொளி, இசைக்கென்று 'கிளெக்ஸ்' விழா நடந்துவந்திருக்கிறது. ஜகார்த்தாவில் 'லாப் லாபா லாபா' குழுவினர் பிலிமை இதே மாதிரி கையால் கழுவி, கீறி, ஓட்டுகிறார்கள்.

பிலிம் எங்கே கிடைக்கிறது?

தூக்கிப் போடுகிற பழைய பிரதிகள்தான் பெரும்பாலும். வெளுப்பு நீரில் முக்கினால் பூச்சு கரைந்து வெற்றுப் பிலிம் கிடைக்கும். கையுறை போட்டு, வெளியே காற்றில் வைத்துச் செய்யுங்கள். வெளுப்பு நீர் இருக்கும் இடத்தில் வினிகரோ வேறு அமிலமோ இருக்கவே கூடாது, சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

காப்பியில் பிலிம் கழுவலாம் என்கிறார்களே, விளையாட்டா?

விளையாட்டல்ல. அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் 1995-இல் செய்து காட்டியது. வேலை செய்வது காஃபின் இல்லை, காப்பியில் இருக்கும் காஃபிக் அமில வகைப் பொருள்கள். கறுப்பு-வெள்ளைப் பிலிமுக்கு மட்டும்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். நம் ஊர்க் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் எந்த ஜென்மத்தில் வரும்? ஐஸ் போட்டு இறக்குங்கள், இல்லையென்றால் நேரத்தைக் குறைத்து ஒரு சின்னத் துண்டில் சோதித்துப் பாருங்கள்.

கடையிலேயே மலிவான காப்பி எதுவோ அதை வாங்குங்கள், ரொபஸ்டா அதிகம் இருக்கும், அதுதான் நன்றாக வேலை செய்யும். திரீ-இன்-ஒன் பாக்கெட் ஆகாது, சீனியும் கிரீமரும்தான் அதில் பெரும்பங்கு. கோப்பிக்கடைத் தூளும் வேண்டாம், அது சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. ஆப்பச் சோடாவைப் போட்டுவிட்டுப் படம் வரவில்லை என்று போன் செய்பவர்கள் உண்டு. சலவைச் சோடா வேறு. கிடைக்காவிட்டால் ஆப்பச் சோடாவை ஓவன் அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அதுவாகவே மாறிவிடும். நாற்றம் குடலைப் புரட்டும், வீட்டுச் சமையலறை வேண்டாம்.

காப்பியோடு முடியாது. அடுத்து ஹைப்போ என்ற நிலைப்படுத்தும் கரைசலில் போட்டால்தான் படம் நிலைக்கும்.

கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாமா?

காப்பித் தண்ணீரை ஊற்றலாம். ஹைப்போவை ஊற்றக் கூடாது. பிலிமில் இருந்த வெள்ளி அதில் கரைந்திருக்கும், நீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. நம் சாக்கடை நேரே ஆற்றுக்குத்தான் போகிறது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் போட்டு வைத்தால் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கிவிடும். சேற்றையும் மிச்சத் தண்ணீரையும் மூடிய கேனில் சேர்த்து, இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம்.

பிலிமில் மாட்டு எலும்பு இருக்கிறதாமே? நான் சைவம்.

உண்மை. மருந்தைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது, பன்றித் தோலிலிருந்தும் எடுப்பதுண்டு. எந்தப் பெட்டியிலும் இதை எழுதியிருக்காது, அதனால் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். கோயில் வளாகத்து மண்டபம் என்றால் பொறுப்பாளர்களிடமும் சொல்வோம். சைவக்காரர்களுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் பூச்சே இல்லாத பாலியெஸ்டர் லீடர் என்ற வெற்றுப் பிலிம் தனியாக வைத்திருக்கிறோம். வரைவதற்கும் ஒட்டுவதற்கும் அது போதும், கீறத்தான் முடியாது.

தீப்பிடிக்குமா?

பழைய சினிமாக் கொட்டகைகள் எரிந்தது நைட்ரேட் பிலிமால். அது 35 மி.மீ. காலத்துக் கதை. கோடாக் 1923-இல் 16 மி.மீ.-ஐக் கொண்டுவந்ததே வீட்டிலும் பள்ளியிலும் ஓட்டுவதற்கு, தொடக்கத்திலிருந்தே பாதுகாப்புப் பிலிம்தான். ஓடும்போது நின்றுவிட்டால் விளக்குச் சூட்டில் உருகிக் குமிழ் விடும், நாற்றமடிக்கும், அவ்வளவே. சில சமயம் வேண்டுமென்றே நிறுத்துவோம், பதற வேண்டாம்.

ஒத்திகை பார்க்காமலா மேடை ஏறுகிறீர்கள்?

ஒத்திகை உண்டு, மனப்பாடம் இல்லை. மனோதர்மம் நமக்கென்ன புதிதா? கல்யாண வீட்டில் தாலி கட்ட நேரமானால் நாதஸ்வரக்காரர் ராகத்தை இழுத்து விரிப்பதில்லையா? அங்கே ராகமும் தாளமும் எல்லை. இங்கே எல்லையைப் பிலிம் வைக்கிறது. 30 மீட்டர் ரீல் என்றால் 2 நிமிடம் 45 விநாடியில் முடிந்துவிடும், நீங்கள் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அது கவலைப்படாது. சில பிலிம்களின் இரு முனையையும் ஒட்டி, உத்திரத்தில் கட்டிய கம்பி வழியாகச் சுற்றவிடுவோம். அதற்கு முடிவே இல்லை. வாசிப்பவர்களில் யார் முதலில் பொறுமை இழக்கிறாரோ அவர் திசையை மாற்றுவார்.

எங்களுக்குள் ஒரே கண்டிப்பு: படத்தைப் பின்தொடர்ந்து வாசிக்கக் கூடாது. சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று அடித்தால் கார்ட்டூன் ஆகிவிடும். கற்றுக்கொடுக்கக் கடினமானது வாசிக்காமல் இருப்பதுதான். ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நிற்காமல் அடித்துப் பழகிய பையன்கள். நிறுத்து என்றால் தண்டனை என்று நினைக்கிறார்கள்.

உருமி அடித்தால் யாருக்காவது சாமி வந்துவிடாதா?

நியாயமான கேள்வி. முதலில் கேட்டதே எங்கள் உருமிக்காரரின் பாட்டிதான். உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல்தான் எங்களுக்கு வேண்டியது. புரொஜெக்டர் மோட்டாரின் இரைச்சலோடு அது கலந்தால் எது தோல், எது இரும்பு என்று பிரிக்க முடியாது. சாமி அழைப்புக்கு உரிய அடிகளை நாங்கள் தொடுவதில்லை, அவை கோயிலுக்குச் சொந்தம். சூடம், சாம்பிராணி ஏற்றுவதில்லை. திருவிழா நாட்களில் நிகழ்ச்சியே வைப்பதில்லை. அதையும் மீறி யாருக்காவது ஒரு மாதிரி ஆனால் விளக்கைப் போட்டு நிறுத்திவிடுவோம். பெரியவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்களுக்குத் தெரியும்.

படத்திலிருந்தே சத்தம் வந்ததே, அது எப்படி?

இரண்டு வழி. ஒன்று, புரொஜெக்டர் உடம்பில் ஒட்டிய, அதிர்வை மின்சாரமாக்கும் சின்ன பீசோ வில்லை. உள்ளே பற்சக்கரம் கடிப்பதை ஸ்பீக்கருக்கு அனுப்பும். மற்றது பிலிமிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஓட்டை உள்ள பிலிமில் மறு ஓரம் ஒலிக்கான பட்டை. ஒரு சின்ன விளக்கின் கீற்று அதை ஊடுருவி ஒளிச்செல்லில் விழும், வெளிச்சம் கூடிக் குறைவது ஒலியாகிவிடும். அங்கே ஊசியால் குறுக்குக் கோடுகள் போட்டால் கோடே சுரம். ஃபிரேமுக்கு 10 கோடு சமமாகப் போட்டால் விநாடிக்கு 240 அதிர்வு. 20 கோடு போட்டால் ஒரு ஸ்தாயி மேலே. ஒலி படிக்கும் இடம் லென்ஸைத் தாண்டி 26 ஃபிரேம் தள்ளியிருப்பதால், படத்திலும் பட்டையிலும் ஒரே இடத்தில் கீறினால் முதலில் பார்ப்பீர்கள், ஒரு விநாடிக்குச் சற்று மேல் கழித்துக் கேட்பீர்கள். சரிக்கட்ட வழி உண்டு. நாங்கள் சரிக்கட்டுவதில்லை, உருமிக்காரர் நுழைவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

புரொஜெக்டரை ஏன் நடுக்கூடத்தில் வைக்கிறீர்கள்? சத்தம் தொந்தரவாக இருக்கிறது.

தொந்தரவாக இருக்கட்டும். இந்த வட்டாரத்துக்குப் புரொஜெக்டர் புதிதல்ல. மலாயாத் திரைப்படப் பிரிவு 1946-இல் தொடங்கியது. 1948 ஜூனில் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, அரசுச் செய்தியைச் சுமந்த படங்கள் வண்டிகளில் ஏறித் தோட்டங்களுக்கும், அரசு ஆட்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய புதுக்கிராமங்களுக்கும் போயின. தமிழிலும் விளக்கவுரை இருந்தது. எதற்குப் பயப்பட வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்று திடலில் கட்டிய வெள்ளைத் துணி சொல்லியது. அதற்குப் பின் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அதே துணியில் வந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்த பெரியவர்கள் திரையைப் பார்த்தார்கள். பிள்ளைகளில் சிலர் திரும்பி உட்கார்ந்து மிஷினையே பார்த்தார்கள், ஓட்டுகிறவர் கிட்டே விடமாட்டார்.

அந்த மிஷினைச் சுற்றி எல்லாரும் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. என்ன ஓடுகிறது என்பதைத் தோட்டத்து மக்களே தீர்மானித்த திரை இந்த வட்டாரத்தில் அதிகம் இருந்ததில்லை. ஊசியைப் பிடித்தவரே ரீலையும் மாட்டட்டும், கேட்டைத் திறந்து தூசியை ஊதட்டும். மாட்டத் தெரியாமல் பிலிம் தரையில் குவிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்பில் போடுவீர்களா? போனில் எடுக்கலாமா?

போட மாட்டோம். நீங்கள் எடுத்தாலும் நன்றாக வராது, போன் கேமராவின் வேகமும் புரொஜெக்டர் ஷட்டரின் வேகமும் ஒத்துப்போகாமல் கறுப்புப் பட்டை ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மை உதிர்கிறது, கீறல் கூடுகிறது. போன மாதம் பார்த்த படம் இந்த மாதம் இருக்காது.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பிலிம் இருக்கிறது. கீறித் தருவீர்களா?

மாட்டோம். கொண்டுவாருங்கள், ஆனால் கீற அல்ல.

முதலில் அது பிலிம்தானா என்று பாருங்கள். கல்யாண வீடியோ கேசட்டைக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம். அது காந்த நாடா, வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் கேமரா வைத்திருந்தது பெரும்பாலும் துரை வீட்டிலும் கிராணி வீட்டிலும்தான். ஆகவே தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கத்தில் எடுத்த 8 மி.மீ. சுருள் ஒன்று கிடைத்தால் அது பொக்கிஷம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் பிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கும் சுருள்களையும் அது கெடுக்கும், எனவே பிரித்து வையுங்கள். ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். சுருங்கிய பிலிமில் ஓட்டைகள் பற்களோடு பொருந்தாது, இழுத்த இழுப்பில் கிழியும். எங்களிடம் விளக்குப் பெட்டியும் பூதக்கண்ணாடியும் இருக்கிறது, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கலாம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமோ, கோயில் தேரோ, இப்போது இல்லாத லயமோ அதில் இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுத உதவுகிறோம். பூஞ்சை பிடித்து முழுவதும் அழிந்த சுருளாக இருந்து, வீட்டார் எல்லாரும் சம்மதித்தால் மட்டும், அந்தப் பூஞ்சைக் கோலத்தை ஓட்டிக் காட்டுவோம். ஈரமும் பூஞ்சையும் ஜெலட்டினைத் தின்று போட்ட கோலம் அழகுதான். ஆனால் அழகுக்காக யாருடைய பாட்டியின் முகத்தையும் கொடுக்க முடியாது.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம், காதுக்குப் பஞ்சு கொடுப்போம். வலிப்பு உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். கறுப்பும் வெளிச்சமும் மாறி மாறி வரும் பகுதியில் விநாடிக்கு 12 தடவை மினுக்கும். விநாடிக்கு 3 முதல் 30 வரையான மினுக்கல் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். அந்த ரீல் எப்போது வருகிறது என்று அறிவித்துவிட்டு, வெளியே போக அவகாசம் கொடுத்த பிறகே ஓட்டுவோம்.

டிக்கெட் எவ்வளவு?

வாசலில் உண்டியல் இருக்கும். புரொஜெக்டர் விளக்கு ஒன்று போனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதை மனத்தில் வைத்துப் போடுங்கள்.

நானும் செய்யலாமா? வரையத் தெரியாது.

தெரியாதவர்கள் வந்தால் நல்லது, தெரிந்தவர்கள் பூவும் மயிலும் வரைந்து மணிக்கணக்கில் ஃபிரேமுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தையல் ஊசி, அழியாத மார்க்கர் பேனா இரண்டு நிறம், பழைய துணி கொண்டுவாருங்கள். பிலிம் நாங்கள் தருகிறோம். பசியாறிவிட்டு நேராக வருபவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு உட்காருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாது, ரொட்டி சானாய் எண்ணெய் ரொம்பவே மோசம்.